கழற்றி மாட்டும் வீடுகள்

திருவனந்தபுரத்திலிருந்து கோவளம் தாண்டித் தெற்கே போனால் புளிங்குடி என்று ஒரு கடலோரக் கிராமம் வரும். அங்கே பாறை மேட்டில் சூர்ய சமுத்ரா என்றொரு விடுதி. அதில் நிற்கும் பழைய மரவீடுகளுக்கு வயது அதிகம், ஆனால் அவை அந்தப் பாறைக்கு வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. கேரளத்தின் வெவ்வேறு ஊர்களில் நின்ற வீடுகள் அவை. இடிபடவிருந்த நேரத்தில் விலைக்கு வாங்கி, கழற்றி, லாரியில் ஏற்றி வந்து இங்கே மறுபடி மாட்டியிருக்கிறார்கள். தொடங்கியவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய க்ளாஸ் ஷ்லூசெனர் என்ற ஜெர்மானியர். பிறகு குமரகத்தில் கோகனட் லகூன் போன்ற விடுதிகளும் இதே வேலையைச் செய்தன.

இதைச் சொன்னால் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது, "வீட்டை எப்படிங்க கழற்ற முடியும்?"

நியாயமான கேள்விதான். செங்கல் வீட்டில் பிறந்து கான்கிரீட் வீட்டில் வளர்ந்த நமக்கு வீடு என்றால் இடிக்கலாம், கழற்ற முடியாது. நான் சிங்கப்பூரில் பார்க்கும் வேலை, தொழிற்சாலையில் செய்து வரும் கட்டடப் பாகங்களின் இணைப்புகளைச் சோதிப்பது. இங்கே எல்லோரும் இதை இந்த நூற்றாண்டின் புதுமை மாதிரி பேசும்போதெல்லாம் எனக்குத் திருவிதாங்கூர் ஆசாரிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ப்ரீஃபேப் என்று இன்று நாம் சொல்வதில் பாதியை அவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். மீதிப் பாதியில் அவர்களுக்குத் தெரிந்த ஒன்றை நாம் விட்டுவிட்டோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரியின் கணக்கு

கேரளத்துத் தச்சு முறையில் அளவுகோலின் பெயரே கோல். 24 விரல் சேர்ந்தால் ஒரு கோல், இன்றைய கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். வீட்டுக்கு முதலில் முடிவாவது நீளமோ அகலமோ அல்ல, சுற்றளவு. அது முடிவானால் மற்ற அளவுகள் அதிலிருந்து கணக்காக இறங்கி வரும்.

இந்தக் கணக்குகளுக்கு நூல்கள் உண்டு. வீடுகளுக்கென்றே எழுதப்பட்டது 16ஆம் நூற்றாண்டின் 'மனுஷ்யாலய சந்திரிகை', எழுதியவர் திருமங்கலத்து நீலகண்டன். ஓலையில் இருந்த இந்த சம்ஸ்கிருத நூலை 1917இல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையில் பதிப்பித்தவர் த. கணபதி சாஸ்திரி. திருநெல்வேலிப் பக்கம் தருவையில் பிறந்தவர். பாஸனின் நாடகங்களை உலகுக்குக் காட்டியவர் என்ற முறையில் பலருக்கு அவரைத் தெரியும். கேரளத்து வீட்டுக் கணக்கை அச்சில் ஏற்றியவரும் இந்த நெல்லைக்காரர்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நூல் ஒருபுறம் இருக்கட்டும், வேலை எப்படி நடந்தது? கூரையை எடுத்துக்கொள்வோம். சுவரின் தலையில் சுற்றிலும் உத்திரம். உச்சியில் மோந்தாயம். இரண்டுக்கும் நடுவே சாய்வாகக் கழுக்கோல்கள். எல்லாக் கழுக்கோல்களின் வயிற்றிலும் ஓட்டை போட்டு, ஒரே நீள மரத்தை ஊடுருவ விட்டுக் கட்டுவார்கள், அதற்கு வளை என்று பெயர். கீழ்நுனிகளை ஒன்றுசேர்ப்பது வாமடை. இணைப்பெல்லாம் மரத்தில் வெட்டிய பொருத்துகள், மர முளைகள், ஆப்புகள்.

நேரான கழுக்கோலில் ஓட்டை போடுவது பெரிய விஷயமில்லை. நான்கு பக்கமும் சரியும் கூரையில், மூலையை நெருங்க நெருங்க விசிறி மாதிரி விரியும் கழுக்கோல்கள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் நீளம் வேறு, ஓட்டையின் சாய்வு வேறு. மேலே ஏற்றிய பிறகு திருத்த முடியாது. ஆகவே அத்தனையையும் தரையிலேயே கணக்குப் போட்டு, வரைந்து, செதுக்கி, துளைத்து வைத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். ஏற்றும் நாளில் வளை எல்லா ஓட்டைகளிலும் தடங்கலில்லாமல் ஓடினால் ஆசாரி ஜெயித்தார்.

பாகங்களை முன்கூட்டியே செய்வது, குறித்த அளவுமுறைக்குள் செய்வது, தளத்தில் வெறுமனே சேர்ப்பது: இன்றைய ப்ரீஃபேப் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம் இதுதான். அங்கே சுவரும் மரமாக இருந்தால் இன்னும் விசேஷம். பலகையின் ஓரத்தில் பள்ளம் வெட்டி அடுத்த பலகையின் நாக்கை அதில் செருகும் நிரைச் சுவர்கள், நெல் வைக்கும் அறைகள், பத்தாயங்கள் எல்லாம் பலகை பலகையாக வந்துவிடும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். 1795இல் தர்மராஜா தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றும்வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். தலைநகரத்தோடு தச்சும் திருவனந்தபுரம் போனது. சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையின் இறவாணத்தில் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த வீடுகள் எல்லோருக்குமானவை அல்ல. தேக்கும் அயினியும் பலாவும் வாங்க வசதி உள்ளவர்களின் வீடுகள். அந்த மரத்தை இழைத்த ஆசாரிமாரின் சொந்த வீடு பெரும்பாலும் மண்சுவரும் ஓலையும்தான்.

லண்டனும் டெல்லியும்

மேற்கில் இந்த யோசனை இரும்பில் வந்தது. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ் ஒரே அளவு இரும்புச் சட்டங்களும் கண்ணாடிகளும் சேர்ந்தது. கண்காட்சி முடிந்ததும் அதைக் கழற்றி, சிடன்ஹாமில் இன்னும் பெரிதாக 1854இல் மறுபடி எழுப்பினார்கள். 1936 தீவிபத்துவரை அங்கே நின்றது.

இந்தியாவில் அரசு இதில் இறங்கியது பிரிவினைக்குப் பிறகு. லட்சக்கணக்கில் அகதிகள், வீடு உடனே வேண்டும். அன்றைய மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். பெர்லினில் பிறந்த யூதர், ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானவர். புவனேஸ்வர நகரத்துக்குத் திட்டம் போட்டவரும் அவரே. டெல்லியில் ஒரு அரசு வீட்டுத் தொழிற்சாலையை எழுப்பி, நுரைக் கான்கிரீட் பலகைகளாக வார்த்து, வீடுகளைத் தொழிற்சாலைச் சரக்காக்கிவிடலாம் என்பது திட்டம்.

நடக்கவில்லை. பலகைகள் விரிசல் விட்டன, இணைப்புகள் சரிப்படவில்லை. பாராளுமன்றத்தில் கேள்விகள் கிளம்பின. 1951இல் அவர் லண்டன் போய்விட்டார். அங்கே வெப்பமண்டலக் கட்டடக்கலையைக் கற்பிக்கும் பெரிய ஆசிரியரானார். தொழிற்சாலை வேறு பொருள்களுக்கு மாறிப் பிழைத்தது, 1978 முதல் இந்துஸ்தான் ப்ரீஃபேப் என்ற பெயரில்.

இங்கிலாந்திலேயே இதைவிட மோசமானது 1968 மே 16. லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி அடுக்ககம், ஆட்கள் குடிவந்து சுமார் இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். பதினெட்டாம் மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்கு அடுப்பைப் பற்றவைக்க, கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. சுவர்ப் பலகை ஒன்று வெளியே தள்ளப்பட, அதன்மேல் நின்ற மாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நான்கு பேர் இறந்தார்கள், அடுப்பைப் பற்றவைத்தவர் பிழைத்துக்கொண்டார். 1986இல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தெடுத்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

பலகை எவ்வளவு நன்றாக வார்த்திருந்தாலும், கட்டடம் நிற்பது பலகைகள் சந்திக்கும் இடத்தில். அந்த இடம் தொழிற்சாலையில் இல்லை. மழையிலும் அவசரத்திலும், யாரும் பார்க்காத நேரத்தில் தளத்தில் முடிவாகும் இடம் அது. ஆசாரிக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரது பொருத்து வெளியே தெரியும். தளர்ந்தால் கண்ணுக்குப் படும், ஆப்பை இறுக்கலாம், மக்கிய கழுக்கோலை மட்டும் உருவி வேறு செருகலாம்.

பேக்கர் போன வழி

திருவனந்தபுரத்தில் இந்தக் கதைக்கு எதிர்வாதமாகவே ஒருவர் வாழ்ந்தார், லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007 ஏப்ரல் 1இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். நாலாஞ்சிறைப் பாறைச் சரிவில் அவரது வீடு. உள்ளூர் செங்கல், உள்ளூர் கொத்தனார், எலிப்பொறிக் கட்டு என்று போனார். செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து நடுவே காற்றறை விடும் அந்தக் கட்டில் சுமார் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். கட்டுமானப் பொருள் வீட்டிலிருந்து ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டவர் அவர். தொழிற்சாலைப் பொருளுக்குச் செலவாகும் பணமும் எரிபொருளும் ஊரை விட்டுப் போகும், கொத்தனாருக்குக் கொடுத்த கூலி ஊரிலேயே சுற்றும் என்பது அவர் கட்சி. உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைப் பார்த்தால் அந்த வாதத்தின் பலம் புரியும்.

அதே பேக்கர்தான் பழைய வீடுகளை இடிக்கும்போது விற்ற கதவுகளையும் சன்னல்களையும் தன் கட்டடங்களில் சேர்த்துக்கொண்டவர். சென்னை முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிண சித்ராவுக்கு இடவமைப்புப் போட்டவரும் அவரே. அங்கே செட்டிநாட்டு வீடும், கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து கழற்றி வந்த 1850ஆம் ஆண்டு சிரியன் கிறிஸ்தவர் வீடும் நிற்கின்றன. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். கழற்றி மாட்டிய வீடு என்றால் என்ன என்று பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் கேரளத்தில் உண்டானது. 1980களின் நடுவில் வெள்ளச் சேதத்துக்குப் பிறகு கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம், கதவு நிலை, கூரைப் பலகை போன்ற சிறு பாகங்களை உள்ளூரிலேயே வார்த்துக் கொடுத்தது. இரண்டு ஆள் தூக்கக்கூடிய பாகம், கிரேன் வேண்டாம். பிறகு ஹட்கோ மூலம் இந்த மாதிரி நாடெங்கும் பரவியது.

இன்றைய நன்மைகள், இன்றைய கேள்வி

தொழிற்சாலை முறையில் லாபம் இல்லையா? நிறைய இருக்கிறது, என் சோறே அதில்தான். தளத்தில் அஸ்திவாரம் போடும்போதே தொழிற்சாலையில் அறைகள் தயாராகும், ஆகவே மாதங்கள் மிச்சம். ஆறு மாதம் மழை பெய்யும் ஊரில் கூரைக்குக் கீழே வார்ப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று யோசியுங்கள். கழிவு குறையும். தரத்தைச் சோதிப்பது சுலபம். உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும் ஆட்கள் குறைவதால் விபத்தும் குறையும். இங்கே கட்டுமானத்தில் நம் ஊர்த் தம்பிகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரியம் 1980களிலேயே முன்வார்ப்புக்கு வந்துவிட்டது. 2014 முதல் சில அரசு நிலங்களில் அறை அறையாகச் செய்து அடுக்குவதைக் கட்டாயமாக்கினார்கள். 2019இல் முடிந்த கிளமென்ட் கேனப்பி, 40 மாடிக் கோபுரங்கள் இரண்டு, 1,866 பெட்டிகள். பெட்டிகள் ஜொகூரில் செனாயில் வார்க்கப்பட்டு, துவாஸில் உள்வேலை முடிந்து, தளத்துக்கு வந்தன. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் எழுந்து 2022 மே மாதம் திறக்கப்பட்டன. கேரள அரசின் லைஃப் திட்டத்தில் கண்ணூர் கடம்பூரில் மெல்லிய எஃகுச் சட்டத்தில் 44 வீடுகள், 2023 ஏப்ரலில் சாவி கொடுத்தார்கள். வீடில்லாத குடும்பத்துக்கு ஒரு வருடம் முன்னால் சாவி கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 2020இல் கொரோனா நேரத்தில் காசர்கோட்டில் டாடா குழுமம் பெட்டி பெட்டியாகச் சேர்த்து 500க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைச் சில மாதங்களில் எழுப்பி, செப்டம்பரில் அரசிடம் ஒப்படைத்தது. அந்த நெருக்கடிக்கு அது தேவைப்பட்டது. அலை ஓய்ந்தபின் சில ஆண்டுகளிலேயே பெட்டிகள் பழுதாகத் தொடங்கின. கேட்க வேண்டிய கேள்வி, சீக்கிரம் எழுந்தது எத்தனை நாள் நிற்கும், பழுதானால் அந்த ஊர் ஆள் யாராவது சரிசெய்ய முடியுமா, வேண்டாமென்றால் கழற்றி வேறு இடத்தில் பயன்படுத்த முடியுமா என்பது. கலவை ஊற்றி ஒட்டிய இன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றை மறுபடி பிரிக்க முடியாது. சேர்ப்பதை நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம், பிரிப்பதை மறந்துவிட்டோம். நான் முதலில் சொன்ன மீதிப் பாதி இதுதான். ஐரோப்பாவில் இப்போது பிரிப்பதற்கென்றே வடிவமைப்பது என்று புதிதாகப் பேசுகிறார்கள். புளிங்குடிப் பாறைமேல் வந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டு விஷயம்

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நெய்யாற்றின்கரை தாலுகாவில் என் அம்மாவின் பிறந்த வீடு. ஆச்சி போன பிறகு பூட்டியே கிடந்தது. பேரப்பிள்ளைகள் நாங்கள் பதினொரு பேர், நான்கு நாடுகள். கூரையில் ஓடு சரிந்து ஒரு மூலையில் கரையான். ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, முன்கதவு, நான்கு தூண், பத்தாயத்தின் முன்பலகை, இவை மட்டும் போதும் என்று நல்ல விலை சொன்னார். மற்றதை விறகுக்குக் கொடுத்துவிடலாமாம். மெயிலில் ஆளுக்கொரு கருத்து. வீடு போனால் போகிறது, மனை இருக்கிறதே என்று ஒரு கட்சி. அப்படியே வைத்துப் பழுதுபார்ப்போம் என்று இன்னொரு கட்சி, அதற்குப் பணம் போட ஆளில்லை.

தக்கலையில் இருக்கும் மாமா ஒரு வயதான ஆசாரியை அழைத்துப் போனார். அவர் பத்தாயத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு இரும்பாணி கிடையாது பிள்ளே, ரெண்டு ஆளு தந்தா நாலு நாள்ல எறக்கித் தாறேன்" என்றாராம். பலகைகளின் உள்பக்கத்தில் செய்தவரின் உளிக்குறிகள் இருந்தன, எந்தப் பலகை எதற்குப் பக்கம் என்று. அவற்றை வைத்தே புதிதாக எண் போட்டுக் கழற்றினார். கரையான் தின்ற மூன்று பலகைக்கு மட்டும் புது அயினி. பத்தாயமும் அதற்கு மேலிருந்த சின்னக் கூரையும் இப்போது மாமாவின் தோட்டத்தில் நிற்கின்றன. பெரிய வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை, அதன் கழுக்கோல்கள் பலவும் உளுத்துப்போயிருந்தன. தூண்கள் நான்கும் வியாபாரியிடம்தான் போயின, அந்தப் பணத்தில்தான் ஆசாரிக்குக் கூலி கொடுத்தோம்.

இப்படி ஒரு பூட்டிய வீடு நம்மில் பலருக்கு இருக்கிறது. மர வேலை உள்ள வீடாக இருந்தால், விற்பதற்கோ இடிப்பதற்கோ கையெழுத்துப் போடுமுன் சில வேலைகளைச் செய்து வைக்கலாம். ஒவ்வொரு அறையையும் மேலே கூரையின் உள்பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள், பொருத்துகளைக் கிட்டத்தில் எடுங்கள். நீளம், அகலம், தூண் இடைவெளி அளந்து ஒரு தாளில் வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கூரை முழுதாக இருக்கும்போதே ஆசாரியைக் காட்டுங்கள், மழை ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் மரத்துக்கு ஆயுள் குறைவு. கழற்றுவதானால், கீழே இறக்குமுன் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, அந்த எண்ணைப் படத்திலும் எழுதுங்கள். எண் இல்லாமல் இறக்கிய கூரை விறகுக் குவியல்தான்.

முக்கியமாக, கழற்றத் தெரிந்த ஆசாரிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. எங்கள் பத்தாயத்தை இறக்கியவருக்கு எழுபத்து நான்கு வயது. அவர் பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில் அலுமினியச் சன்னல் மாட்டுகிறார்கள். மூன்றாம் நாள் மாமா மகன் கைபேசியில் அவர் வேலையை முழுக்கப் படம் பிடித்து வைத்தான். எந்த ஆப்பை முதலில் தட்டினார், எதைக் கடைசியில் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இரண்டு மணி நேரப் படம். எங்கள் பதினொரு பேரிடமும் ஆளுக்கொரு பிரதி இருக்கிறது.